நிபந்தனை வாக்கியமும் பாகூர் ஏரியும்

பாகூர் என்றதும் பரந்த ஏரியும் நெல்வயல்களும் நம் நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வூர் கல்விக்கும் பழம்பெயர் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன என்பதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. வித்தைகள் பதினான்கு என்பது மரபு. இலக்கணமும் அவற்றுள் ஒன்று.

பிரெஞ்சு ஆட்சியில் அம்மொழியின் இலக்கணம் அங்கே பயிலப்பட்டது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தபின் ஆங்கிலம் மேலோங்கியது. அதனைக் கற்கும் நம் மாணவரை மிகவும் மருட்டுவது நிபந்தனை வாக்கியம். நடவாத ஒன்றை இப்பொழுது எண்ணிப் பார்ப்பதற்கு இறந்தகால வினை எதற்கு என்பதே அவர்கள் வினா.

இதற்கு விடை நம் மொழியிலேயே இருப்பதாக நான் கருதுகிறேன். 'நாளை மழை பெய்தால் ஏரி நிரம்பும்' என்கிறோம். மழையோ நாளையது; 'பெய்தால்' என்னும் சொல்லிலோ இறந்தகாலத் தகர ஒற்று நிற்கின்றது. தொல்காப்பியர் கூறிய 'செயின்' என்னும் வாய்பாட்டில், 'பெய்யின்' என்பதில், இவ்வொற்று இல்லை. ஆகவே 'பெய்தால்' என்பதிலுள்ள ஒற்று காலத்தைக் காட்ட வரவில்லை. நிகழ்ச்சியைக் கற்பனையில் நிறுத்த வந்தது.

ஆங்கிலமும் இவ்வாறே செய்கின்றது. 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழைக்கு இடமுண்டு. 'இஃப் இட் ரெய்ன்ட்' என்றால் அது வெறும் எண்ணம். 'இஃப் இட் ஹாட் ரெய்ன்ட்' என்றால் மழை பெய்யவில்லை என்பது முடிந்த செய்தி. பிரெஞ்சிலும் 'சி' என்னும் சொல்லின்பின் இறந்தகால வினையே வெறும் எண்ணத்தைச் சுட்டும். தமிழில் முதலிரண்டுக்கும் 'பெய்தால்' ஒன்றே போதும். மூன்றாவதற்குப் 'பெய்திருந்தால்' என்போம்.

இது வெறும் பள்ளிப் பாடமன்று. 'நீர் விட்டிருந்தால் பயிர் பிழைத்திருக்கும்' என்று ஓர் உழவர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவிக்கின்றார் என்று கொள்வோம். எழுதுவோர் 'நீர் விட்டால் பிழைக்கும்' என்று பொருள்பட எழுதிவிட்டால், நேர்ந்துபோன இழப்பு இனி நிறைவேற்றத்தக்க வேண்டுகோளாகிவிடும். இழப்பீட்டுக்குரிய வழக்கே மறைந்துபோம்!

எனவே ஆசிரியர்கள் முதலில் 'பெய்தால்', 'பெய்திருந்தால்' என்னும் இரண்டையும் மாணவர் வாயால் சொல்லச் செய்து, பின்னர் ஆங்கில வடிவங்களுக்குச் செல்வார்களாக. தெரிந்த மொழியின் வழியாகத் தெரியாத மொழியை அடைவதே எளிய நெறி.