இண்டை புனைதலும் இல்லறத்தார் பூந்தொண்டும்

இறைவழிபாட்டிற்குரிய பொருள்கள் பலவற்றுள்ளும் எளியார்க்கும் வலியார்க்கும் ஒப்ப அமைந்தவை நீரும் பூவுமே ஆகும். கோபுரம் எடுப்பித்தல் செல்வமுடையார் செய்தற்குரியது. திருவிளக்கு இடுதற்கும் நெய்யும் திரியும் வேண்டும். பூவோ புறக்கடையிலும் வேலியோரத்திலும் தானே மலர்வது. அதனைப் பறித்துத் தொடுத்துச் சாத்துதற்கு வேண்டுவன இரண்டு கைகளும் அன்புமே. இவ்வெளிய தொண்டு பழனிமலைத் தொடரில் எத்துணைப் பழமையுடையது என்பதும், இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பதும் குடமுழுக்குக் காணும் அன்பர்கள் எண்ணத்தக்கன.

பழனி சங்க காலத்தில் பொதினி எனப் பெயர் பெற்றது. அதனை ஆண்ட ஆவியர் குடித் தோன்றல் வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த காலத்தில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் புலவர் நால்வர் அவளுக்காக அவனிடம் இரந்து நின்றனர். அரிசில்கிழார் பொன்னும் பொருளும் வேண்டாராய், வருந்தியிருக்கும் அவள் கூந்தல் மீண்டும் மாலை அணியுமாறு தேர் பூட்டிப் புறப்படுதலையே பரிசிலாக வேண்டினார். இச்செய்தி புறநானூற்று 146ஆம் பாட்டிற் காணப்படும். மலர் சூடாத தலை துயரின் அடையாளம். மலர் சூடிய தலை மங்கலத்தின் அடையாளம். இவ்வுணர்வே இறைவன் திருமுடியை ஒருபோதும் வெறிதே விடலாகாது என்னும் நெறியாக மலர்ந்தது எனல் பொருந்தும்.

திருமுருகாற்றுப்படை, திருவாவினன்குடியைச் சிறப்பித்த பின்னர்க் குன்றுதோறாடலைக் கூறுமிடத்து, மலைவாணரின் வேலன் ஒருவனைக் காட்டுகின்றது. அவன் தலையில் அணிந்த கண்ணி, காட்டுமல்லிகையாகிய குளவியும் வெண்கூதாளமும் சேர்த்துத் தொடுத்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. வேலன் கண்ணி சமவெளியினின்று வரவழைத்த பூவால் ஆயதன்று. அவன் வாழ்ந்த மலையே அதனை அளித்தது. முருகன் குறிஞ்சிக் கிழவன் ஆதலின், குறிஞ்சி நிலத்துப் பூவே அவனுக்கு உவப்பாயிற்று.

சைவ உலகில் பூந்தொண்டிற்கு இலக்கியமாக விளங்குபவர் திருப்புகலூர் முருக நாயனார். அவர் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் அலரும் செவ்வி அறிந்து கொய்வர். பின்னர்த் தனியிடத்து இருந்து தொடுப்பர். அவர் தொடுத்த வகைகளைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் வேறுவேறு பெயரிட்டுக் கூறியுள்ளார். நாரிற் கோப்பது கோவை; வட்டமாகச் சுருக்குவது இண்டை; தண்டிற் கட்டுவது கண்ணி; தாளோடு பிணைப்பது பிணையல். இவற்றோடு தாமம், மாலை, தொடையல் என்பனவும் உள. ஒரு தொழிலுக்கு இத்தனை சொற்கள் அமைந்திருத்தல், அத்தொழில் எத்துணைப் பேர் கைகளில் எத்துணைக் காலம் வாழ்ந்தது என்பதற்குச் சான்றாகும். சம்பந்தரும் அப்பரும் முருகனார் திருமடத்தில் தங்கி அளவளாவினர் என்பது அத்தொண்டின் பெருமையைக் காட்டும்.

கொங்கு நாட்டுக் கருவூரில் சிவகாமியாண்டார் என்னும் முதிய அடியார், மூச்சும் படாதவாறு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மலர் கொய்வார். அவர் பூக்கூடையை அரசன் பட்டத்து யானை பறித்துச் சிந்திய போது, அவர் நிலத்தில் கையை அறைந்து அழுதார். அக்கூடையிலிருந்த பூவின் விலை மிகச் சிறிதே. எனினும் அதன்பொருட்டு எறிபத்தர் மழு ஏந்தினார். புகழ்ச்சோழர் தம் வாளை நீட்டித் தம்மையும் கொல்லுமாறு வேண்டி நின்றார். ஒரு கூடைப் பூவைப் பட்டத்து யானையினும் பெரிதாகக் கருதிய நாடு இது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவன் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம் என்று வழங்கப்படும். அதன்பொருட்டு நந்தவனங்கள் அமைத்தும், அவற்றைப் பேணுவார்க்கு நிலம் அளித்தும் அறம் செய்தோர் பலர். 16ஆம் நூற்றாண்டில் கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்னும் நூலில் கொள்ளுதற்குரிய பூக்களையும் தள்ளுதற்குரியனவற்றையும் வகுத்தருளினார். முகர்ந்த பூ, புழு அரித்த பூ, நிலத்தில் விழுந்த பூ, பழம்பூ ஆகியன விலக்கு என்பதும், தாழை சிவபெருமானுக்கு ஆகாது என்பதும் சைவர் வழிவழியாகப் போற்றி வருவன.

இனி இண்டை புனையும் முறை கூறுவாம். இஃது இல்லத்தில் யாவரும் செய்யத்தக்கது. வாழை நாரை நீரில் நனைத்து மெல்லிதாகக் கிழித்துக்கொள்க. திருமுடியின் சுற்றளவிற்கு ஏற்ப நாரை முறுக்கி வளையம் ஒன்று அமைக்க. மலர்களை இரண்டு விரல் நீளக் காம்புடன் கொய்து, மூன்று நான்காகச் சேர்த்து வளையத்தின்மேல் வைத்து நாரால் இறுகச் சுற்றுக. அடுத்த கொத்து முன்னைய முடிச்சை மறைக்குமாறு வைத்து, ஒரே திசையில் சுற்றிவர வேண்டும். இடையிடையே வில்வமோ பச்சிலையோ சேர்த்தால் வாட்டம் தாமதப்படும். இறுதிக் கொத்தின் காம்பை முதற்கொத்தின் அடியிற் செருகி முடிக்க, தொடக்கமும் முடிவும் தெரியாத வட்டம் உண்டாகும். ஆதியும் அந்தமும் இல்லாத பொருளுக்கு இதனினும் பொருத்தமான அணி யாது?

கொடைக்கானல் மேல்மலையில், நகரினின்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மேற்கே, 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது மன்னவனூர். பனிக்காலத்தில் உறைபனி படியும் அவ்வூரில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் செழிக்கும், மல்லிகை செழிப்பதில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை, வெப்பமான சமவெளிக்கு உரியது. நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து மலைப்பாதையில் ஏறிவரும் பூ, ஊர் சேரும்போது பாதி வாடியிருத்தல் இயல்பு. அவ்வாறாயினும், விலை கொடுத்து வாங்கிய மாலையே மாலை என்னும் எண்ணம் மலையூர்களிலும் பரவிவிட்டது. நாரின் இடத்தில் பிளாஸ்டிக் இழையும், பூவின் இடத்தில் பிளாஸ்டிக் பூவும் புகுந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொடங்கித் தடை செய்தது. பூப்போலத் தோன்றி, வாடாமலும் மட்காமலும் கிடக்கும் பொருளை இறைவனுக்குச் சாத்துதல் தொண்டாகாது.

அங்ஙனமாயின் காட்டுப்பூவைக் கொய்யலாமோ எனின், அதுவும் தகாது. கொடைக்கானல் காடுகள் 2013இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலைகளைப் போர்த்தது; 2023இல் அது பாதுகாக்கப்பட்ட செடியாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வேலன் காலத்தில் காடு பெரிது, மக்கள் சிலர். இன்று மக்கள் பலர், காடு சிறிது. குறிஞ்சி கொய்யப்படாமல் மலையிலேயே நின்று மலர்தலே குறிஞ்சிக் கிழவனுக்கு அதனாலாகும் வழிபாடு.

எனவே எஞ்சிய வழி ஒன்றே: தம் வீட்டு முற்றத்திற் செடி வைத்துத் தாமே தொடுத்தல். குளிர் தாங்கும் செவ்வந்தியும் ரோசாவும் மேல்மலை வீடுகளுக்கு ஏற்றன. வாழை நார் கீழ்மலையிற் கிடைக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பழம் தரும் மலைவாழையே நாரும் தரும். புதிய பூக்கள் ஆகுமோ என்று ஐயுறுவார் உளர். இன்று கோயில் வாயில்தோறும் விற்கும் துலுக்கச் செவ்வந்தியும், நிலச்சம்பங்கியும் மெக்சிகோ நாட்டினின்று கடல் கடந்து வந்தவையே. மணமும் தூய்மையும் உடைய பூவை அன்பர் கொணர்ந்தபோது திருக்கோயில்கள் ஏற்றே வந்துள்ளன. ஐயம் நேருமிடத்து அவ்வக் கோயில் அருச்சகரைக் கேட்டுத் தெளிக.

குடமுழுக்கு நாளில் மாலைகள் மலையெனக் குவியும். மண்டல பூசை நாற்பத்தெட்டு நாளும் நிறைவுற்ற பின்னர், கூட்டம் கலைந்த ஒரு மழைநாளின் விடியலில், இறைவன் திருமுடிக்கு ஓர் இண்டை உண்டோ இல்லையோ என்பதே அடியார் சிந்திக்க வேண்டுவது. கோபுரத்திற்குப் பொருள் ஈந்தவர் வாரத்தில் ஒருநாளேனும் தம் இல்லத்தார் கையால் தொடுத்த இண்டை ஒன்றைத் திருமுன் சேர்ப்பாராயின், குடமுழுக்கின் பயன் ஆண்டு முழுதும் நிலைக்கும். சிறுவர் சிறுமியர் அருகிருந்து காம்பு எடுத்துக் கொடுத்தால், அக்கலை இன்னும் ஒரு தலைமுறை வாழும்.

புறப்பூக்கள் எட்டென வகுத்த பெரியோர், கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என அகப்பூக்கள் எட்டும் வகுத்தனர். புறப்பூவைத் தொடுக்கும் கை ஓய்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் அகப்பூக்கள் அரும்பும். பூந்தொண்டு தழைக்க! திருநெறி ஓங்குக!