ஓடை மாசும் ஒற்றை வீட்டுப் பொறுப்பும்: லாஸ் ஓசோஸ், லௌண்டஸ் அனுபவங்கள்

ஓடை நாறத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் முதலில் தேடுவது ஒரு குழாயைத்தான். ஆலையின் குழாய் கண்ணில் பட்டுவிட்டால் யாரை எதிர்ப்பது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டமும் இந்த நோக்கில்தான் உருவானது. குழாய், வாய்க்கால் போன்ற குறிப்பிட்ட வழியாக நீர்நிலையில் கழிவை விடுபவர் அனுமதி பெற வேண்டும். மீறினால் குடிமக்களே வழக்குத் தொடுக்கலாம். வீட்டுப் புழக்கடையில் புதைந்து கிடக்கும் செப்டிக் டேங்குகள் பெரும்பாலும் இந்தப் பிடிக்குள் வருவதில்லை. மாநிலமும் கவுன்டியும் அவற்றை வீடு வீடாகக் கண்காணிக்கின்றன. இதனால் ஓடைக்காகத் திரளும் அக்கம்பக்கத்துக் குழு ஒரு விசித்திரமான இக்கட்டில் மாட்டிக்கொள்கிறது: மாசுக்குக் காரணமானவர் அடுத்த வீட்டுக்காரர், சில வேளை குழுவின் உறுப்பினரே. செப்டிக் மாசைத் தனித்தனி வீடுகளின் குற்றமாகக் கணக்கெழுதும் வரை இத்தகைய குழுக்கள் தமக்குள் பிளவுபடுமே தவிர, ஓடை தெளியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

டேங்க் செய்யும் வேலை கொஞ்சம்தான். கசடு அடியில் படிகிறது, கொழுப்பு மேலே மிதக்கிறது, நடுவிலுள்ள நீர் துளையிட்ட குழாய்கள் வழியே மண்ணில் இறங்குகிறது. மீதிச் சுத்திகரிப்பு மண்ணின் பொறுப்பு. அது நோய்க்கிருமிகளை வடிகட்டுகிறது; மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மண்துகளில் ஒட்டாது, நீரோடு போய்விடும். ஆகவே பழுதே இல்லாத டேங்கும், வீடுகள் நெருங்கிய இடத்தில் நிலத்தடி நீரைக் கெடுக்கும்.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுன்டியில் உள்ள லாஸ் ஓசோஸ் இதற்குச் சான்று. மோரோ விரிகுடாவின் கரையில், பழைய மணற்குன்றுகளின் மேல், சிறு சிறு மனைகளாக வளர்ந்த ஊர் அது. மணலில் நீர் சட்டென்று இறங்கும். மேலடுக்கு நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது. வட்டார நீர்த்தர வாரியம் 1983இல் ஊரின் பெரும்பகுதியில் செப்டிக் வெளியேற்றத்துக்குத் தடைத் தீர்மானம் நிறைவேற்றியது. 1988 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் புதிய வீடுகள் கட்டுவது நின்றது. ஏற்கெனவே குடியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளின் டேங்குகளோ வழக்கம்போல் மணலுக்குள் வடிந்துகொண்டிருந்தன. பாதாளச் சாக்கடை இணைப்புகள் தொடங்கியது 2016இல்.

இடைப்பட்ட காலத்தை ஊராரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நடந்தது அதைவிடச் சிக்கலானது. கவுன்டியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, குளங்கள் அமைத்து மலிவாகச் சுத்திகரிப்போம் என்று ஓர் உள்ளூர்க் குழு வாக்குறுதி தந்தது. 1998 வாக்கெடுப்பில் ஊருக்கெனத் தேர்தல்வழி உள்ளாட்சி அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. குளத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டு, ஊரின் நடுவே சுத்திகரிப்பு நிலையம் என்று முடிவானது. 2005 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. அடுத்த மாதமே வாக்காளர்கள் மூன்று இயக்குநர்களைப் பதவியிறக்கினார்கள். வேலை நின்றது, மாநிலக் கடன் நின்றது, அமைப்பின் மேல் அறுபது லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. 2006 ஆகஸ்டில் அது திவால் மனு போட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தால் பொறுப்பு மறுபடி கவுன்டியின் கைக்கே போனது.

அந்த ஆண்டில் வாரியம் எடுத்த இன்னொரு நடவடிக்கைதான் இங்கே முக்கியம். ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து 45ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வெளியேற்றத்தை நிறுத்தும்படி உத்தரவுகளை முன்மொழிந்தது. அமைப்பு செயலிழந்தபின் சட்டத்தை வேறு யார் மேல் பாய்ச்சுவது என்ற வாரியத்தின் தவிப்பு புரிகிறது. ஆனால் குலுக்கல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: அந்த 45 வீட்டாரும் மற்றவர்கள் செய்யாத எதையும் செய்துவிடவில்லை. குற்றவாளியைச் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால் அங்கே குற்றம் வீட்டுக்குரியதல்ல. நெருக்கமான மனைகளுக்கு ஒப்புதல் தந்த நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு.

அலபாமாவின் லௌண்டஸ் கவுன்டியில் மண் நேர்மாறு. அங்குள்ள கனத்த களிமண்ணில் நீர் இறங்காது. டேங்க் வைத்த வீட்டிலும் கழிவு பின்வாங்கி முற்றத்தில் தேங்கும். டேங்க் வாங்க வழியில்லாதவர்கள் குழாயை நேரே பள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த மண்ணுக்கேற்ற அமைப்பின் செலவு 20,000 டாலரைத் தாண்டக்கூடும். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் இதற்காக அபராதத்தையும் கைது அச்சத்தையும் எதிர்கொண்டன. அந்த மண்ணில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸின் நீண்ட பிரசாரத்தால் இது நாட்டின் கவனத்துக்கு வந்தது. 2021இல் அமெரிக்க அரசின் நீதித்துறை விசாரணை தொடங்கி, 2023 மேயில் ஏற்பட்ட உடன்பாட்டில் மாநிலச் சுகாதாரத் துறை குற்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க இசைந்தது. மணலிலும் களியிலும் காரணங்கள் எதிரெதிர். நோட்டீஸ் மட்டும் ஒரே வாசலுக்குப் போயிருக்கிறது.

குடிமக்கள் வழக்கின் கதவை அகலத் திறந்தால் போதாதா என்று கேட்கலாம். மாவி கவுன்டிக்கு எதிரான வழக்கில் 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிலத்தடி நீர் வழியாக வந்தாலும் நேரடி வெளியேற்றத்துக்குச் சமமாக இயங்கும் கழிவுக்கு அனுமதி தேவை என்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட செப்டிக் அமைப்புகளும் இதில் சிக்கிவிடுமே என்ற அச்சம் அங்கேயே எழுப்பப்பட்டது. பெரிய விடுதியின் மேல் இந்த ஆயுதம் பயன்படலாம். தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் மேலும் இதைத் திருப்பினால் லாஸ் ஓசோஸின் 45 வீடுகள் கதை இன்னோர் ஊரில் தொடரும்.

ஓடையில் நீர் எடுத்துச் சோதிக்கும் தன்னார்வலர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஈ.கோலை எண்ணிக்கை மட்டும் மனிதக் கழிவைக் காட்டிக்கொடுக்காது. மாடும் பறவையும் நாயும் அதே பாக்டீரியாவைத் தருகின்றன. கிளையோடைகள் சேரும் இடங்களில், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த தொடர் அளவீடு, எந்தப் பகுதியின் மண் தாங்கவில்லை என்பதைச் சொல்லும். அதை வைத்து யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. அரசிடம் போக முடியும்.

என்ன கேட்பது என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து மேலாண்மை முறைகளைச் சொல்கிறது. முதலாவதில் வீட்டுக்காரருக்கு நினைவூட்டல் மட்டும். ஐந்தாவதில் டேங்குகளைப் பொறுப்பேற்ற ஓர் அமைப்பே சொந்தமாக வைத்து, மின்சாரம்போல் கட்டணம் வாங்கிப் பராமரிக்கிறது. வீடுகள் சிதறிக் கிடக்கும் லௌண்டஸுக்குப் பாதாளச் சாக்கடையைவிட இதுவே பொருந்தும். ஏழைகளுக்கு அந்தக் கட்டணத்தை யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. வழிகாட்டுதலோ தன்விருப்பமானது, நிதியைக் கட்டாயமாக்காது. லௌண்டஸில் அரசின் கடமையை எழுத்தில் வைத்த அந்த 2023 உடன்பாட்டையும் நீதித்துறை 2025 ஏப்ரலில் ரத்து செய்துவிட்டது.