எசனில் பிறந்த டிபன் கேரியர்

கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் நான்கு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கியவர்கள் அதைக் கும்பகோணத்துப் பொருளாகவே நினைப்பார்கள். அதை வளைத்து மெருகேற்றியது நம்மூர்க் கைகள்தான். ஆனால் அந்த உலோகம் பிறந்த ஊர் ஜெர்மனியின் எசன். இங்கே டுசல்டோர்ஃபிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

எசனில் குருப் எஃகு ஆலையின் ஆய்வகத்தில் பென்னோ ஸ்ட்ராஸும் எட்வர்ட் மாவுரரும் இரும்போடு குரோமியத்தையும் நிக்கலையும் பல அளவுகளில் கலந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். அமிலப் புகைக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்தும் சில துண்டுகள் மட்டும் துருவேறாமல் இருந்ததை மாவுரர் கவனித்தார் என்பார்கள். 1912-இல் குருப் அதற்குக் காப்புரிமை கோரியது. வி2ஏ என்பது அந்த எஃகின் பெயர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இன்னொரு துருவேறா எஃகைக் கண்டார். அதில் நிக்கல் கிடையாது, கத்திக்கு ஏற்றது. அடுக்குப் பாத்திரத்துக்கு எசன் கலவைதான் பொருந்தியது. நிக்கல் இருப்பதால் தகடு இளகிக் கொடுக்கும், அச்சில் ஆழமாக அழுத்தினாலும் கிழியாது. பின்னாளில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற அளவு நிலைத்தது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தால் அது தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும்.

சமையலறைக்கு வர அந்த எஃகுக்கு அவசரம் இருக்கவில்லை. முதலில் ரசாயன ஆலைகளுக்குப் போயிற்று. பிறகு 1930-இல் கட்டி முடிந்த நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்து உச்சிக்கு ஏறியது. குருப் ஆலையே பீரங்கிகளுக்குப் பேர்போனது. இரண்டு உலகப் போர்களின் நிழல் அந்த ஆலைமேல் உண்டு. இந்த வரலாற்றைச் சொல்லும்போது அதை விழுங்கிவிடக் கூடாது.

அந்த உலோகம் தமிழ்நாட்டு அடுக்களைக்குள் வந்தபோது ஒரு பழைய பிரச்சினை தீர்ந்தது. நம் கட்டுச்சோற்றின் உயிர் புளி. புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்துதான் புளியோதரையை ஒரு நாள் பயணத்துக்குத் தாங்க வைக்கின்றன. அதே புளி பித்தளையையும் செம்பையும் அரிக்கும், களிம்பு ஏறும். அதனால்தான் பித்தளைத் தூக்குக்கு உள்ளே ஈயம் பூச வேண்டியிருந்தது. உலையும் துருத்தியுமாக ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் வீட்டுப் பாத்திரமெல்லாம் வாசலுக்கு வரும். அலுமினியத்தையும் புளி விட்டுவைப்பதில்லை. எவர்சில்வரிடம் மட்டும் அதன் கைவரிசை பலிக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரைக்குப் போன சித்திரான்னங்கள், காணும் பொங்கலன்று கடற்கரைக்குப் போன கட்டுச்சோறு எல்லாம் இந்த அடுக்குக்குள் நிம்மதியாகப் பயணம் செய்தன.

இதை எட்டாத பொருளாக வைத்திருக்கவும் நம் மக்கள் விடவில்லை. ஜரிகை போட்ட பழைய பட்டுப்புடவையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய பாட்டிமார் எத்தனை பேர்! கல்யாணச் சீரில் கேரியர் தனி இடம் பிடித்தது. வாங்கிய கையோடு கடையிலேயே பேர் வெட்டிக் கொடுத்தார்கள். புள்ளி புள்ளியாக இன்னாருக்கு இன்னார் அன்பளிப்பு என்று தேதியோடு இருக்கும் அந்த எழுத்துதான் பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கல்வெட்டு. தகடு நம்மூரிலேயே உருவாக இன்னும் காலம் பிடித்தது. 1967-இல் சேலத்துக்கு உருக்காலை கேட்டு எழுச்சி நாள் நடந்தது. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் கஞ்சமலை அடிவாரத்து ஆலை துருவேறாத் தகட்டை உருட்டத் தொடங்கியது.

1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மனிக்கு வந்தார்கள். பலர் எசனும் டுசல்டோர்ஃபும் இருக்கும் இந்த ரூர், ரைன் பகுதியிலேயே வேர் பிடித்தார்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். பிற்பாடு கணினி வேலைக்காகத் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்தார்கள். விமானப் பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் இடையே புடவையில் சுற்றி வந்தது கேரியர். அது வந்து இறங்கிய டுசல்டோர்ஃப் ரூர் எஃகுத் தொழிலின் கணக்குப்பிள்ளை ஊர். உலைகள் எசனிலும் டியூஸ்பர்கிலும் எரிந்தன, அலுவலகங்கள் இங்கே இருந்தன. ஹோஃப்கார்ட்டன் பூங்காவின் ஓரத்தில் மூன்று பலகைகளை நிறுத்தியதுபோல நிற்கும் டிரைஷைபன்ஹவுஸ் கட்டடம், 1960-இல் ஓர் எஃகு நிறுவனத்துக்காகவே கட்டி முடிக்கப்பட்டது. நகரின் தெற்கே பென்ராத்தில் துருவேறாத் தகடு உருட்டும் ஆலையும் இருந்தது.

இந்த மண்ணுக்கும் தூக்குச்சட்டி புதிதில்லை. ரூர் தொழிலாளிகள் ஹெங்கெல்மான் என்ற எனாமல் தூக்கில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனார்கள். மனைவியோ பிள்ளையோ ஆலை வாசல்வரை கொண்டுவந்து தருவதும் உண்டு. உருளைக்கிழங்கும் காய்கறியும் கலந்த கூழ்க்குழம்பு அதில் இருக்கும். வெந்நீரில் வைத்துச் சுட வைப்பார்கள். அந்தப் பழக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் முதியவர்கள் வாயில் இருக்கிறது.

பழைய பாணியில் ஒரு பிக்னிக் என்று இங்கே பேச்சு எடுத்தால் பிரம்புக்கூடையும் கட்டம் போட்ட விரிப்பும்தான் முதலில் வருகின்றன. அவை அழகானவை. ஆனால் நமக்கென்று ஒரு பழைய பாணி இருக்கிறது, அது கேரியரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாத்திரம் முடிவானால் சமையல் தானாக முடிவாகும். குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டியவை, அங்கே போய்ச் சுட வைக்க வேண்டியவை எல்லாம் கழிந்துவிடும். ஆறினாலும் ருசிப்பவை நிற்கும்.

ஆடி பதினெட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். நம் பிக்னிக்குக்கு நாள் அதை ஒட்டிய ஞாயிறு, இடம் ரைன் கரையின் ஓபர்காசல் புல்வெளி. அங்கே நடக்கும் ஜூலைத் திருவிழாவின் ராட்டினங்களை அதற்குள் பிரித்துவிடுவார்கள். எதிர்க்கரையில் லம்பெர்ட்டுஸ் தேவாலயத்தின் முறுக்கிய கோபுரம், தெற்கே ரைன் டவர், இந்தப் பக்கம் சில நாள் ஆட்டுமந்தை. காவிரியில் இறங்குவதுபோல இங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது. சரக்குப் படகுகள் போகும் ஆறு, இழுப்பு அதிகம். பிள்ளைகளுக்கு முதல் வார்த்தையாகவே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடித்தட்டில் தயிர்சாதம். சோற்றைக் குழைய வடித்து, பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டால் ஊரில் மத்தியானத்துக்குள் உறைந்துவிடும். இங்கே ஆடியிலும் காலை குளிரும், ஆகவே தயிரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேலே புளியோதரை, முந்தின இரவே கிளறியது. எண்ணெயில் கவனம் வேண்டும்: இம்மர்மன் தெரு ஜப்பானியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வறுத்த எள்ளின் எண்ணெய், அதன் வாசனை புளிக்காய்ச்சலையே அமுக்கிவிடும். தமிழ்க் கடை நல்லெண்ணெய்தான் வேண்டும். மூன்றாம் தட்டில் எலுமிச்சை சாதமும் ஓர் ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியலும். மேல்தட்டு எப்போதும் ஈரமில்லாததற்கு: வடகம், மோர்மிளகாய், இரண்டு கை முறுக்கு. மாவடுவைத் தனிச் சம்புடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் நீர் கசிந்தால் மொத்த அடுக்கும் மணக்கும். ஈழத்து வீட்டார் சேர்ந்து வந்தால் அவர்களிடம் இடியப்பமும் சம்பலும் கேளுங்கள், அவர்கள் கேரியர் வேறு கதை சொல்லும். வாழை இலைக்கு ஆசியக் கடையில் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.