வண்ணத்துக்கு முன்பிருந்த வீடு

1964 கோடையில், நாவலாசிரியர் கென் கீசியும் நண்பர்களும் பழைய பள்ளிப் பேருந்தொன்றில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டனர். 1939ஆம் ஆண்டு இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வண்டி அது. கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்' (1957) நாவலில் டீன் மொரியார்ட்டியாக வரும் நீல் கசாடியே அதை ஓட்டினார்.

உடலெங்கும் வண்ணம் பூசியதும், கூரையைத் துளைத்துச் சலவை இயந்திர உருளையைச் செருகி மேல்மாடம் அமைத்ததும், ஒலிபெருக்கிகள் பொருத்தியதும் கீசி குழுவினரின் கைவேலை. ஆனால் படுக்கைத் தட்டுகளும் சமையலிடமும் முன்பே இருந்தன. முந்தைய உரிமையாளர் தம் குடும்பத்தின் பயணங்களுக்காக வண்டியை வீடாக்கியிருந்தார்.

எதிர்க்கலாச்சாரத்தின் சின்னமென நாம் போற்றும் வண்டிக்குள் ஒரு குடும்பஸ்தரின் கவலை இருந்தது. பிள்ளைகள் எங்கே உறங்குவர், என்ன உண்பர் என்ற கவலை அது. கலகக்காரர்களும் அத்தட்டுகளில்தான் உறங்கினர். வண்ணம் பூசியவர்களை எழுதும் இலக்கிய வரலாறு, படுக்கை அமைத்தவரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றே கருதுகிறோம்.