விலை குறைஞ்சா யாருக்கு வலிக்கும்? செங்கல்பட்டின் பணவாட்டக் கதை

போன எபிசோடுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது: "விலைவாசி ஏறினா கஷ்டம், புரியுது ப்ரோ. இறங்கினா நல்லதுதானே?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்.

முதல்ல வார்த்தையைச் சரி பண்ணிடுவோம். டிஃப்ளேஷன், தமிழில் பணவாட்டம். தக்காளி மட்டும் விலை குறைஞ்சா அது பணவாட்டம் கிடையாது. விலையேற்றம் 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு வந்தாலும் கிடையாது, அப்பவும் விலை ஏறிக்கிட்டுதான் இருக்கு. ஒட்டுமொத்த விலைமட்டமே தொடர்ந்து கீழே போகணும். பெயர்தான் பணவாட்டம். உண்மையில் பணம் வாடுறதில்லை, அதோட மதிப்பு கூடுது. வாடுறது கடன்காரன்.

உங்க இஎம்ஐ-யை நினைச்சுப் பாருங்க. சம்பளம் பாதியானாலும் இஎம்ஐ பாதியாகாது. இதே நிலைமை இருநூறு வருஷத்துக்கு முன்னாடி செங்கல்பட்டு விவசாயிக்கு வந்தது. அவருக்கு இஎம்ஐ-ன்னா கிஸ்தி.

1763-ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். மாமல்லபுரம் கடற்கரையும் அதில் அடக்கம். அப்போ இங்கே புழங்கின தங்க வராகனை வெள்ளைக்காரங்க 'பகோடா'ன்னு சொன்னாங்க, மாமல்லபுரத்தை 'செவன் பகோடாஸ்'ன்னு சொன்னாங்க. நம்ம டீக்கடை பகோடாவோட சேர்த்தா மூணு! 1818-ல் அந்த வராகனை எடுத்துட்டு வெள்ளி ரூபாயை நிலையான நாணயமாக்கினாங்க. அடுத்து 1820-களில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி வந்தது. நிலத்துக்கு இவ்வளவு தீர்வைன்னு ரூபாயில் எழுதியாச்சு.

அதுக்கப்புறம்தான் விலை சரிய ஆரம்பிச்சது. சுமார் 1825 முதல் 1854 வரை, முப்பது வருஷம். வசூலான வெள்ளியில் ஒரு பெரும்பகுதி மாகாணத்தை விட்டே வெளியே போனது. லங்காஷயர் மில் துணி வந்ததால் நம்ம நெசவு ஏற்றுமதி படுத்தது, அது மூலமா உள்ளே வந்த வெள்ளியும் குறைஞ்சது. ஊரில் காசு குறைவு, ஆனா வரியைக் காசாத்தான் கட்டணும். அறுவடை முடிஞ்ச கையோட கிஸ்தி கெடு வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் நெல்லைச் சந்தைக்குக் கொண்டு வந்தா விலை என்ன ஆகும்?

கணக்கு எளிது. தீர்வை 10 ரூபாய், நெல் கலம் ஒரு ரூபாய்னு வெச்சுக்கோங்க. பத்து கலம் விற்றால் போதும். விலை எட்டணாவானா இருபது கலம். வரி ஒரு பைசா ஏறலை, ஆனா இரண்டு மடங்காயிடுச்சு. எந்த அரசாணையும் போடாம நடந்த வரி உயர்வு இது.

கட்ட முடியாதவங்களை என்ன பண்ணாங்க? 1854-ல் கம்பெனி அரசே ஒரு சித்திரவதை விசாரணைக் குழுவை அமைச்சது. வரி வசூலுக்காகக் கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதையும், 'அண்ணந்தாள்' என்று கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் 1855-ல் அதன் அறிக்கை பதிவு செய்தது. பழியைக் கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் மேல் போட்டுட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைக் குழு விட்டுடுச்சு. இலக்கு வெச்சது யாருன்னு கேட்கத் தோணுது இல்லையா?

அந்த 1850-களில்தான் கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா தங்கமும் ரயில்வே முதலீடும் பணப்புழக்கத்தைக் கூட்டி, விலை திரும்ப ஏறியது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856-ல் கிளம்பியது.

இந்த முப்பது வருஷத்தை 'மந்தம்'னு அடையாளம் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் பி. நடராஜனும், 1936-ல் எழுதிய கட்டுரையில். வருஷத்தைக் கவனிங்க. அவங்க ஜன்னலுக்கு வெளியே அதே கதை திரும்ப ஓடிக்கிட்டிருந்தது.

1929-க்குப் பிறகு உலகமே சரிஞ்சது. சில வருஷத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதி. பர்மா அரிசி மலிவா வந்து இறங்கியது. ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸில் பிடிச்சு வைக்கணும்னு அரசு பணப்புழக்கத்தை இறுக்கியது. இந்த முறை கழுத்தை நெரிச்சது கிஸ்தியைவிட வட்டிக் கடன். விலை நல்லா இருந்தப்போ வாங்கின கடன், பாதி விலை நெல்லில் அடைக்கணும். அமெரிக்காவில் இர்விங் ஃபிஷர் 1933-ல் எழுதினது இதைத்தான்: கடனை அடைக்க எல்லாரும் பொருளை விற்க, விலை இன்னும் விழ, அடைச்ச பிறகும் கடன் பாரம் கூடவே செய்யும். ரிகர்ஷன் தெரியும், ஆனா நிறுத்துற கண்டிஷன் எழுத மறந்த ரிகர்ஷன்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் தரத்தை விட்டதும் தங்கம் விலை ஏறியது. கிராமத்து நகைகள் உருகிக் கப்பலேறின. லண்டன் அதை நல்ல செய்தியாப் பார்த்தது. கழுத்தில் கிடந்ததை விற்ற பெண்கள் எப்படிப் பார்த்திருப்பாங்க?

1935-ல் சத்தியநாதன் விவசாயக் கடன் பற்றி அறிக்கை கொடுத்தார். 1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. 1932 அக்டோபருக்கு முன்னாடி வாங்கின கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி ரத்து. அதுக்குள்ள விற்றுப்போன நிலமும் உருகின நகையும் திரும்ப வரலை.