பத்தவைக்கிற கை

கம்மாளத் தொழிலுக்குப் பரம்பரை உண்டு, புராணம் உண்டு, விசுவகர்மா என்ற தெய்வ மூதாதையும் உண்டு. வெல்டிங்குக்கு இது எதுவும் கிடையாது. 1880களில் ரஷ்யாவில் பெனார்தோஸ், ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் கரித்தண்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மின்சாரத்தை எரியவிட்டு உலோகத்தை உருக்கி ஒட்டினார்கள். 1888இல் ஸ்லவியானோவ் கரித்தண்டை எடுத்துவிட்டு, தானே உருகிச் சேருகிற உலோகக் கம்பியை வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி அந்தக் கம்பிக்கு மேல்பூச்சு கொடுத்தார். பட்டறையில் நாம் ராடு என்கிறோமே, அதன் பூர்வீகம் இவ்வளவுதான். நூத்தி நாப்பது வருசம்கூட நிறைஞ்சு ரொம்ப நாள் ஆகவில்லை. எந்தச் சாதியும் இதைத் தன் பாட்டன் சொத்து என்று சொல்ல முடியாது.

இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? உலோகம் நம் வீடுகளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, குடை செருப்பு கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடு மாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பித்தளைச் சொம்புக்கே இந்தப் பாடு. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளை தன் தொகுப்பு வீட்டுக்குத் தானே ஒரு இரும்புக் கேட்டைப் பத்தவைக்கிறான் என்றால், அதை வெறும் வீட்டு வேலை என்று எப்படிச் சொல்வது?

கத்துக்கிறது கஷ்டம்தான், ஆனா வித்தை ஒண்ணும் இல்லை. கேட்டுக்கு ஆங்கிள் வாங்கும்போதே நாலு துண்டு இரும்பு சேர்த்து வாங்கணும், பழகறதுக்கு. இரண்டரை மில்லிமீட்டர் 6013 ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைக்கலாம். முதலில் ராடு போய் இரும்போடு ஒட்டிக்கும். பதறாதீங்க, மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கினால் வந்துவிடும். ராடுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் பருமன் அளவே இருக்க வேண்டும். அது பழகிவிட்டால் பாதித் தொழில் வந்தமாதிரி. சட்டத்தை ஒரே மூச்சில் பத்தவைத்தால் சூட்டில் இழுத்துக் கோணிப் போகும். நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாக டேக் வைத்து, மூலைக்கு மூலை அளந்து பார்த்துவிட்டுத்தான் முழுசாக ஓட்ட வேண்டும். கண்ணாடி இல்லாமல் பார்த்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டமாதிரி இருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது.

சரி, தொழில் கைக்கு வந்தால் தீண்டாமை போய்விடுமா? போகாது. அமெரிக்கக் கறுப்பு வெல்டர்கள் இதை நமக்கு முன்பே பட்டு அறிந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ரிவிட் அடிக்கிறதைவிட வெல்டிங்கைப் புதிய ஆட்களுக்குச் சீக்கிரம் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால், ராடைத் தொட்டே பார்க்காத பெண்களும் கறுப்பர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். கலிபோர்னியாவில் சாசலிட்டோ என்ற ஊரில் 1942இல் தொடங்கிய மரின்ஷிப் தளத்தில் அப்படி வெல்டராக இருந்தவர் ஜோசப் ஜேம்ஸ். அங்கே சங்கத்தில் இருந்தால்தான் வேலை. ஆனால் கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பர்களைத் தன்னோடு சேர்க்காமல், உரிமையில்லாத ஒரு துணைக்கிளையில் ஒதுக்கிவைத்துச் சந்தா மட்டும் கேட்டது. ஊரும் சேரியும்போலத்தான். 1943இல் ஜேம்ஸும் தோழர்களும் அந்தச் சந்தாவைக் கட்ட மறுத்தார்கள். வேலை பறிபோனது. வழக்குப் போட்டார்கள். முழு உறுப்பினராகச் சேர்க்க மறுத்துக்கொண்டே, சங்கத்தில் இல்லை என்று வேலையைப் பறிக்க முடியாது என்று 1944இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போர் முடிந்து 1946இல் தளமே மூடப்பட்டது. ஆனாலும் தீர்ப்பு நின்றது.

அந்த மனிதர்கள் பத்தவைத்த மூட்டு கடலில் தாங்கியது. அவர்கள் கூடவே உட்காருவதைத்தான் வெள்ளைத் தொழிலாளியால் தாங்க முடியவில்லை. தோழர்களே, திறமையைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நம் பக்கம் வருவோம். 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிய பிறகு, மேஸ்திரியின் தயவு இல்லாமல் ஐ.டி.ஐ.யில் கற்க ஒரு வழி பிறந்தது. அந்த வழி கிடைக்காதவன் இன்றும் பட்டறையில் வருசக்கணக்காகக் கிரைண்டிங் பிடிக்கிறான், ஹோல்டரை அவன் கையில் தருவதில்லை. புகையை மட்டும் சமமாகத் தருகிறார்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது.

ஆகவே நம் பிள்ளைகள் கற்கட்டும். ஆணும் பெண்ணும் கற்கட்டும். வீட்டு வாசலிலேயே, காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு தொடங்கட்டும். அந்தக் கேட்டு கொஞ்சம் கோணலாக நின்றாலும் பரவாயில்லை. பட்டறைக்கு வேலைக்குப் போகும்போது கூலி எவ்வளவு, கண்ணாடி யார் தருவது, ஹோல்டர் எப்போது கைக்கு வரும் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்கட்டும். தனியாகக் கேட்காமல் நாலு பேராகச் சேர்ந்து கேட்கட்டும்.