தேடிக் கற்கும் சரித்திரம்

சரித்திரம் என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் வருவன அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமேயாம். பரீட்சைக்கு முதல்நாள் அவற்றை மனனஞ் செய்கின்றோம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றோம். குற்றம் மாணாக்கருடையதன்று. பிறர் தேடி வைத்த விடையை ஒப்புவிக்கும் வேலையையே அவர்க்குக் கொடுத்து வந்தோம். தாமே தேடும் வேலையைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்றை இங்கே கூற விரும்புகின்றேன்.

அமெரிக்க நாட்டின் கிளீவ்லன்ட் நகரிற் சரித்திரப் பேராசிரியராயிருந்த டேவிட் வான் டாசல் என்பவர், 1974 ஆம் ஆண்டில் மாணாக்கர்க்கென ஓர் ஆராய்ச்சிப் போட்டியைத் தொடக்கினார். 'தேசிய சரித்திர நாள்' என்பது அதன் பெயர். முதலாண்டிற் பங்குபற்றியோர் 129 பேரே. 1980 இல் அது நாடளாவிய போட்டியாயிற்று. இன்று ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றுகின்றனர். ஆண்டுக்கொரு பொதுப்பொருள் கொடுக்கப்படும். அதற்குள் தாம் ஆராயும் விடயத்தை மாணாக்கரே தெரிந்துகொள்வர். கட்டுரை, கண்காட்சி, நாடகம், திரைப்படம், இணையத்தளம் ஆகிய எவ்வடிவிலும் முடிவைக் காட்டலாம். ஆயின், எந்த நூலை, எந்தக் கடிதத்தை, எவருடைய வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டனர், அது எவ்வாறு பயன்பட்டது என்று குறிப்பெழுதிக் கொடுத்தல் வேண்டும். நடுவர் நேரிலும் வினவுவர். மனனஞ் செய்தவன் அங்கே தப்ப இயலாது.

1999 ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலத்து யூனியன்ரவுன் என்னுஞ் சிற்றூர்ப் பாடசாலை மாணவியர் சிலர் இப்போட்டிக்கு விடயந் தேடினர். ஆசிரியர் பழைய சஞ்சிகைத் துணுக்கொன்றைக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகள் போலந்தின் வார்சோ நகரில் யூதரை மதிலுக்குள் அடைத்திருந்தபோது, ஐரினா சென்ட்லர் என்னும் சமூகசேவைப் பெண்மணி 2,500 பிள்ளைகளை வெளியே கொணர்ந்து காத்தார் என்று அதில் இருந்தது. அத்தொகை அச்சுப் பிழையாயும் இருக்கலாம், ஆராய்ந்து பாருங்கள் என்றார் ஆசிரியர். உலகறிந்த ஷின்ட்லர் காப்பாற்றியோரே ஏறக்குறைய 1,200 பேர்தாம். அவரினும் பெருஞ்செயல் செய்தவரின் பெயரை எவரும் கேள்விப்படாதது எங்ஙனம்?

மாணவியர் தேடத் தொடங்கினர். ஐரினா துணைவர் பலருடன் இரகசியமாகத் தொழிற்பட்டவர். பிள்ளைகளின் பெயர்களை எழுதிச் சாடியிலிட்டுப் புதைத்தவர். 1943 இல் நாசிகளிடம் அகப்பட்டுச் சித்திரவதைப்பட்டும் அப்பெயர்களைச் சொல்லாதவர் என்று கண்டனர். அவருடைய கல்லறை எங்கேயென்று தேடியபோது, அவர் வார்சோவில் உயிரோடிருக்கின்றார் என்ற செய்தி வந்தது! 'சாடிக்குள் உயிர்' எனப் பொருள்படும் பெயரில் நாடகம் எழுதி நடித்தனர். 2001 இல் வார்சோ சென்று அம்மூதாட்டியைக் கண்டனர். 2008 இல் தமது 98 ஆம் வயதில் அவர் காலமாகுமுன் உலகம் அவரை அறிந்துகொண்டது. 2,500 என்ற தொகையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் இன்னும் வினாவுகின்றனர். ஐயத்தில் தொடங்கிய ஆராய்ச்சி ஐயத்துக்கு அஞ்சுவதில்லை.

கடல்கடந்து அப்பிள்ளைகள் தேடியதை நாம் எமது வாசலிலேயே தேடலாம். 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர், தம் அடிமைகளை வாவி சூழ்ந்த இவ்விடத்திலே வைத்திருந்தனர். அதனால் ஆங்கிலத்தில் இவ்விடத்துக்கு 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. அடிமைமுறை 1844 இற் சட்டத்தால் ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை. 2022 இறுதியிலேதான் அதனை நீக்கி, கொம்பனித்தெரு என்ற வழக்கையே கொள்ளுமாறு அரசு பணித்தது. பழிப்பெயர் நீங்கியது நன்றே. ஆயினும், பெயரோடு அம்மக்களின் நினைவும் நீங்கலாமோ?

'கொம்பனி' என்பது ஒல்லாந்தக் கொம்பனியையோ, பின்னர் இங்குத் தங்கிய மலாய்ச் சிப்பாய்களின் படைப்பிரிவையோ குறிப்பது? ஒரு மாணாக்கனுக்கு ஓராண்டு வேலை இவ்வொரு வினாவிலேயே உண்டு. ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பிலே தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. 1786 இல் எழுந்த வேகந்தைப் பள்ளிவாசல் மலாய் மக்களின் கதையைச் சொல்லும். கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டாண்டாக வழிபட்டுவரும் குடும்பங்களிடம், அவர்தம் முன்னோர் எங்கிருந்து, எத்தொழிலுக்கு வந்தனர் என்று கேட்கலாம்.

கேட்பதற்குக் காலம் அதிகமில்லை. பழைய வீடுகள் இடிந்து மாடங்கள் எழுகின்றன. வீடு மாறும்போது பெட்டியிற் கிடந்த கூப்பன் புத்தகமும், திருவிழா நோட்டீசும், மங்கிய புகைப்படமும் குப்பைக்குப் போகின்றன. ஐரினாவின் சாடிகளை மண்ணிலிருந்து மீண்டும் எடுக்க முடிந்தது. குப்பையிற் போனதை யார் எடுப்பார்?

ஆகவே, எமது மன்றங்களும் பாடசாலைகளும் இத்தகைய போட்டியொன்றை ஆண்டுதோறும் நடத்துதல் வேண்டும். மூன்று விதிகள் போதும். முதியவர் ஒருவரின் வாய்மொழியைத் திகதியிட்டு எழுதுக. அதனை எழுத்தாவணம் ஒன்றோடு ஒப்பிடுக. இரண்டும் முரண்பட்டால் அம்முரணை மறையாது கூறுக. பரிசு பெறாதவனும் இதில் தோற்கமாட்டான். தன் தெருவையும் தன் குடும்பத்தையும் அறிந்துகொள்வான்.

இளைஞர்களே, இவ்வாரமே உங்கள் பாட்டனார் பாட்டியாரிடம் அமர்ந்து கேளுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்க வரும்போது, 'அதெல்லாம் பழங்கதை' என்று அனுப்பிவிடாதீர்கள். அப்பழங்கதையே நாளைய சரித்திரம்.